விண்மீனின் வெப்பம் கண்டவர்

மேகநாத் சாகா 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் டாக்காவை அடுத்த சியோரத்தலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மளிகைக் கடை நடத்தி வந்தார். மகனை மேலே படிக்கவைக்க அவருக்கு வசதியில்லை. தொலைவில் இருந்த பள்ளியில் சேர்ந்த சிறுவனுக்கு மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் உணவும் உறைவிடமும் அளித்தார். 1905இல் டாக்காவில் உயர்பள்ளி மாணவராக இருந்தபோது ஆங்கிலேய ஆளுநரின் வருகையை எதிர்த்தமையால் பள்ளியினின்று நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோயிற்று. வேறொரு பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது.

விண்மீனின் ஒளியில் தோன்றும் கோடுகளைக் கொண்டு அதன் வெப்பத்தைக் கணிக்க உதவும் சமன்பாட்டை 1920இல் அவர் வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

1938இல் கல்கத்தாவுக்குத் திரும்பிய சாகா, அணுக்கருவை ஆராயச் சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கி வேண்டும் எனத் துணிந்தார். அதனைக் கற்றுவர மாணவர் ஒருவரை அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இருந்த லாரன்சிடம் அனுப்பினார். காந்தத்தின் பாகங்கள் வந்து சேர்ந்தன. காற்றை வெளியேற்றும் பம்புகளை ஏற்றிவந்த கப்பலையோ உலகப்போரில் ஜப்பானியர் மூழ்கடித்தனர்.

பம்பு இல்லையேல் சைக்ளோட்ரான் வெறும் இரும்பே. முடுக்கியில் துகள்கள் கற்றையாக ஓடும். ஒரே திசையில் ஓடினும் ஒவ்வொன்றும் சற்றே விலகி அலையும். அந்த அலைவே கற்றையின் வெப்பம். உள்ளே காற்று இருப்பின் அதில் மோதித் துகள்கள் சிதறும், கற்றை கலையும். விண்மீனின் வெப்பத்தைத் தாளிலே கணித்தவருக்குச் சில பம்புகள் கிட்டாமற்போயின! சாகா தளரவில்லை. தாம் நிறுவிய அணுக்கரு இயற்பியல் கழகத்தில் அப்பணியைத் தொடரச் செய்தார்.

1952இல் மக்களவை உறுப்பினராகித் தில்லிக்கு வந்தார். 1956 பிப்ரவரி 16ஆம் நாள், திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் காலமானார்.

பத்தாண்டுகள் கழித்து ரஷ்ய அறிஞர் புட்கர், கற்றையின் வெப்பத்தைத் தணிக்க ஒரு வழி கூறினார். சூடான பாலைத் தண்ணீரில் வைத்து ஆற்றுவதுபோல, அலைவு குறைந்த எலக்ட்ரான்களைக் கற்றையோடு அதே வேகத்தில் ஓடவிட்டால், அவை அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். தில்லியிலும் இன்று அருணா ஆசஃப் அலி சாலையில் ஒரு துகள்முடுக்கி மையம் உள்ளது. பல பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அங்கு வந்து ஆய்வு செய்கின்றனர்.