நான்சன் கட்டிய கப்பல்

இராஜபாளையத்து வெயிலில் பள்ளிக்கு வரும் நாம் பனிக்கட்டியைக் கண்டதெல்லாம் சர்பத் கடையில்தான். கடலே உறைந்து கப்பலை நெரித்து நொறுக்கும் என்றால் நம்புவது எளிதன்று. அந்த ஆபத்தை நன்கு எடைபோட்டுப் பார்த்துவிட்டுக் கப்பல் கட்டியவர் நார்வே நாட்டு விஞ்ஞானி ஃபிரிட்ஜாஃப் நான்சன்.

இவர் 1861-இல் பிறந்தவர். இவருடைய இருபதாம் வயதில், 'ஜெனெட்' என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்றாண்டு கழித்து அதன் பொருள்கள் சில, வெகு தொலைவிலுள்ள கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. பனியே நகர்ந்து அவற்றைச் சுமந்து வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார் நான்சன். அப்படியானால் ஒரு கப்பலையும் சுமக்குமே! இது தற்கொலை என்றனர், துருவப் பயணத்தில் பழுத்த பலர்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை எதிரே நின்று தடுப்பார் உண்டோ? பனியையும் எதிர்க்கலாகாது என்று முடிவு செய்தார் நான்சன். காலின் ஆர்ச்சர் என்ற வல்லுநரைக் கொண்டு, 'ஃப்ராம்' கப்பலின் வயிற்றை உருண்டையாக அமைத்தார். மாம்பழத்தைத் தின்றபின் கொட்டையை விரல்களுக்கிடையே அழுத்தினால் வழுக்கி மேலே துள்ளுமல்லவா? அதே தந்திரந்தான். சுக்கானையும் உந்தியையும் பனியில் சிக்காமல் மேலே இழுத்துக்கொள்ளலாம். ஐந்தாண்டுக்கு உணவு, விளக்கெரிக்கக் காற்றாலை. திறந்த கடலிலோ அது தொட்டிலாய் ஆடி நான்சனையே குமட்ட வைத்தது!

1893 ஜூனில் பதின்மூவர் புறப்பட்டனர். செப்டம்பரில் பனி பிடித்துக்கொண்டது. 1895 ஜனவரியில் பனிப்பாளங்கள் மலையாய்க் குவிந்து நெருக்கவே, கப்பலைக் கைவிடவும் ஆயத்தமாயினர். ஆனால் ஃப்ராம் மேலெழுந்து தப்பியது.

கப்பல் துருவத்தைத் தொடாது என்றறிந்து, அவ்வாண்டு மார்ச்சில் யோஹான்சன் என்ற தோழருடனும் 28 நாய்களுடனும் பனிமேல் நடந்தார் நான்சன். 86 பாகைக்கு அப்பால் சென்று திரும்பினார். வழியில் நாய்களை ஒவ்வொன்றாய்க் கொன்று மற்ற நாய்களுக்கு உணவாக்கினர். கடைசி இரண்டைத் தாமே கொல்ல மனம் வராமல், ஒருவர் நாயை மற்றவர் சுட்டாராம். நாய்க்குப் பெயர்போன ஊரில் வளரும் நமக்கு இதை எழுதவே கை வரவில்லை. இதுவும் அவர் முன்னரே போட்ட கணக்கில் அடங்கியது என்பது இன்னும் உறுத்துகிறது.

1896 ஆகஸ்டில் ஃப்ராம் பனியிலிருந்து விடுபட்டது. பதின்மூவரும் உயிரோடு வீடு திரும்பினர்.

பின்னாளில் நாடற்ற அகதிகளுக்கு அடையாளச் சீட்டு வாங்கித் தந்து, 1922-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். 1930-இல் மறைந்தார். 1981-இல் நம் நாட்டின் முதல் அண்டார்டிகாக் குழு கோவாவிலிருந்து ஏறிச் சென்றதும் ஒரு நார்வேக் கப்பலிலேதான். துருவக்கடல் செல்லும் கப்பல்கள் பனியின் ஆபத்தை முன்னரே மதிப்பிட வேண்டும், எண்ணெயைக் கடலில் கொட்டலாகாது என்னும் சர்வதேச விதிகள் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தன. ஃப்ராம் இன்று ஓஸ்லோ நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது; பார்க்கப் போகும் பிள்ளைகள் அதன் மேல்தளத்தில் ஏறி நடக்கலாம்.