சாண்டோ என்றொரு மனிதர்

கீரிமலைக்கு நீராடச் செல்வோர் அனைவரும் அவ்வூரின் பழங்கதைகள் இரண்டை அறிவர். கீரிமுகம் கொண்டிருந்த நகுல முனிவர் அத்தீர்த்தத்தில் மூழ்கி மனித முகம் பெற்றார் என்பது ஒன்று. குதிரைமுகம் வாய்த்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அங்கே நீராடி எழில் பெற்றாள் என்பது மற்றொன்று. உடம்பை மாற்றித் தரும் தண்ணீர் என்ற அந்த நம்பிக்கையே என்னையும் சிறுவயதில் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அந்நாளில் நான் நோஞ்சான். காற்றடித்தால் பறந்துவிடுவேன் என்று பள்ளித் தோழர் நகைப்பர். கடலலை வந்து அறையும் மதிலுக்கு உட்புறம் நன்னீர் ஊறும் அக்கேணியின் படியில் நான் நடுங்கி நிற்க, என்னினும் மூத்த வாலிபன் ஒருவன் தோள்களை விரித்துக் காட்டிவிட்டுக் குதித்தான். கரையிலிருந்த முதியவர் அவனைச் சாண்டோ என்று விளித்தார். அச்சொல்லை நான் முதன்முதல் கேட்டது அன்றுதான். அஃது ஓர் ஆளின் பெயர் என்பதை அறியப் பல ஆண்டுகள் சென்றன.

அவர் 1867ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரிலே பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். யூஜின் சாண்டோ என்பது மேடைக்கென அவர் பூண்ட பெயர். சிறுவனாகத் தந்தையோடு இத்தாலிக்குச் சென்றபோது பழைய சிலைகளின் கட்டமைந்த உடலைக் கண்டு, இத்தகைய மனிதர் இன்று இல்லாதது ஏன் என்று வினவியதாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். இது நடந்த கதையோ, விற்பனைக்காகப் புனைந்த கதையோ, யார் கண்டார்? ஆயினும் அவருடைய வாழ்வு முழுவதும் அக்கதையினுள்ளே அடங்கிக் கிடக்கிறது. உடல் பிறவியிலே வாய்ப்பதன்று, செதுக்கிக்கொள்ளத் தக்கது என்பதே அவர் உலகுக்கு விற்ற சரக்கு.

சர்க்கஸிலும் சிற்பிகளின் முன் நிற்கும் தொழிலிலும் காலங்கழித்து, பிரசெல்ஸ் நகரில் அட்டிலா என்ற ஆசானிடம் பயின்று, 1889இல் இலண்டனிலே சாம்சன் என்ற பலசாலியை மேடையில் வென்றபோது அவர் பெயர் ஒரே இரவில் பரவிற்று. 1893இல் சிக்காகோவில், எடை தூக்குவதைக் காட்டிலும் அவர் அசையாது நிற்பதைக் காணவே மக்கள் விரும்புகின்றனர் என்பதைக் கண்டுகொண்டவர் சீக்ஃபெல்ட் என்ற காட்சி ஏற்பாட்டாளர். மறு ஆண்டில் எடிசனின் படப்பெட்டியும் அவ்வுடலைப் பதித்துக்கொண்டது. வலிமை காட்சியாக மாறிய தருணம் அது.

காட்சியோடு நின்றிருந்தால் அவரும் மறைந்த பயில்வான்களுள் ஒருவராகியிருப்பார். 1897இல் இலண்டன் சென்ட் ஜேம்ஸ் வீதியில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார். மாத இதழ் தொடங்கினார். அங்கு வர இயலாதோர் தம் மார்பளவு, கையளவுகளை எழுதி அஞ்சலில் அனுப்பினால், அவரவர்க்குரிய பயிற்சி முறை அஞ்சலிலேயே திரும்பி வரும். இரு பாதிகளுக்கிடையே சுருள்விற்கள் பொருத்திய கைக்குண்டு அவர் பெயரால் விலைப்பட்டது. என் பாட்டனாரின் பெட்டகத்தில் அத்தகைய ஒரு சோடி துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு விடுமுறைக் காலம் முழுதும் அவற்றை அழுத்தினேன். தோள் பருத்ததோ இல்லையோ, பசி எடுத்தது மெய்.

1901 செப்டெம்பரில் இலண்டன் அல்பர்ட் மண்டபத்திலே அவர் நடத்திய உடலழகுப் போட்டிக்கு நடுவராய் அமர்ந்தோர் மூவர்: சிற்பி லோஸ், துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற கொனன் டொயில், சாண்டோ. பெருத்த தசைக்கு மட்டுமன்றி அங்கங்களின் ஒத்திசைவுக்கும் உடல்நலத்துக்கும் மதிப்பெண் உண்டு. முதல் பரிசு சாண்டோவின் உருவச் சிலையே! பிறருடைய உழைப்புக்குத் தம் உருவத்தையே பரிசாக அளிக்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. இன்று கைப்பேசித் திரையில் தசையைக் காட்டி, ஆடையும் மாவும் கூடமும் விற்கும் இளைஞர்களுக்கு இவரே மூதாதை என்று நான் கருதுவது இதனாலேயே.

1905இல் அவர் இந்தியாவிலும் சுற்றுலா நடத்தினார். அதன்பின் அவர் பெயர் இங்கே பட்டமாகிவிட்டது. திரைப்படம் எடுத்த சின்னப்பா தேவருக்கு அது பெயரின் முன்னொட்டு. வங்காளத்தில் கையில்லா உள்ளாடைக்கும், கடல் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளில் அதே ஆடைக்கும் சாண்டோ என்றே பெயர்.

1911இல் ஜோர்ஜ் மன்னர் அவரை உடற்பயிற்சி ஆசானாக நியமித்தார். அதுவே உச்சி. பெண்களுக்கான இடைக்கச்சும், வலிமை தரும் கொக்கோவும் அவர் பெயரால் வெளிவந்தன. என் மனம் அவரோடு முரண்படுவது இங்கேதான். வருந்திப் பயின்றால் உடல் வரும் என்று சொன்ன நாவே, கிண்ணத்தில் கலக்கிக் குடித்தாலும் வரும் என்று சொல்லலாமோ? முன்னது ஆசானின் சொல். பின்னது கடைக்காரரின் சொல். முதல் உலகப் போர் மூண்டதும், ஜெர்மானியப் பிறப்பு அவர்மேல் ஐயத்தை விளைத்தது. பிரித்தானியக் குடியுரிமை பெற்றிருந்தும் பயனில்லை. கொக்கோ வியாபாரம் முறிந்தது.

1925 ஒக்டோபர் 14இல், ஐம்பத்தெட்டாம் வயதில் இறந்தார். பள்ளத்தில் விழுந்த மோட்டார் வண்டியைத் தனியே தூக்கியதன் விளைவு என்று ஊர் பேசிற்று. அந்தச் சாவுக்கதைகூட விளம்பரத்துக்கு ஏற்றதாகவே அமைந்தது. பட்னி வேல் மயானத்தில் அடக்கம் செய்தனர். மனைவியின் விருப்பப்படி அக்குழியின்மேல் பெயரெழுதிய கல் எதுவும் வைக்கப்படவில்லை.

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கடற்கரையில் மக்கள் நெருங்கி நிற்பர். போரினால் நெடுங்காலம் எமக்கு எட்டாதிருந்த அக்கரையில், சென்ற முறை நானும் எள்ளும் நீரும் இறைத்தேன். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று ஒவ்வொரு பெயராக ஐயர் கேட்கக் கேட்கச் சொன்னேன். மூன்றாவது பெயரில் சற்றே தடுமாறினேன். அருகே கேணியில் பையன்கள் தோள் விரித்துக் குதித்துக்கொண்டிருந்தனர்.

எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பெயரின்றிக் கிடந்த அந்த இலண்டன் குழிக்கு 2002இல் அவரைப் போற்றிய ஒருவர் கல் நாட்டினார். பின்னர் அவருடைய கொள்ளுப்பேரன் அதனை மாற்றிப் பெரும்பாறை ஒன்றை நிறுத்தினார். அதிலே மேலிருந்து கீழாகச் சாண்டோ என்ற ஒரு சொல் மட்டுமே வெட்டப்பட்டிருக்கிறது.