கரிசல் மண்ணில் உறங்கும் இசை மேதை

குழந்தைகளே! எல்.கே.ஜி. வகுப்பில் நீங்கள் முதன்முதலாகப் பாடிய ஆங்கிலப் பாட்டு எது? நட்சத்திரம் மின்னுவதைப் பற்றிய ட்விங்கிள் ட்விங்கிள் பாட்டுத்தானே? அதே மெட்டில் நம் மதுரை மீனாட்சி அம்மனைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

இருக்கிறது! அதை இயற்றியவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெரிய மேதை. அவருடைய சமாதி எங்கோ தொலைதூரத்தில் இல்லை. நம் காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி சாலையில் போனால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எட்டயபுரம் வந்துவிடும். அங்கேதான் அவர் உறங்குகிறார். அவர் பெயர் முத்துசாமி தீட்சிதர்.

எட்டயபுரம் என்றதும் பாரதியார்தான் நம் நினைவுக்கு வருவார். அவர் பிறந்த ஊர் அது. அதே ஊர் இந்த இசை மேதையின் நினைவையும் காத்து வருகிறது.

ஒரே ஊர், மூன்று மேதைகள்

திருவாரூர் என்றால் பெரிய தேர் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் மூவருமே அங்கேதான் பிறந்தார்கள். 1762-இல் சியாமா சாஸ்திரிகள், 1767-இல் தியாகராஜர், 1775-இல் முத்துசாமி தீட்சிதர். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே ஊரில் மூன்று மேதைகள்!

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் யார் இருந்தார்கள் தெரியுமா? மொசார்ட் 1756-இல் பிறந்தார். பீத்தோவன் 1770-இல் பிறந்தார். இன்று உலகம் முழுவதும் சிறிய ஊர்களில்கூட ஊர் மக்கள் ஒன்றுசேர்ந்து வாத்தியக் குழு அமைத்து இவர்களின் இசையை வாசிக்கிறார்கள். பீத்தோவனைவிட நம் தீட்சிதர் ஐந்து வயதுதான் இளையவர்.

முத்துசாமியின் தந்தை ராமசாமி தீட்சிதரும் பெரிய இசைப் புலவர். கச்சேரிகளின் தொடக்கத்தில் நாம் அடிக்கடி கேட்கும் அம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவர்தான். நீண்ட நாள் குழந்தை இல்லாமல் இருந்து, வைத்தீசுவரன் கோயிலில் வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த பிள்ளை என்பதால், அந்தக் கோயில் முருகனான முத்துக்குமாரசாமியின் பெயரையே மகனுக்கு வைத்தார். பின்னர் சின்னசாமி, பாலுசாமி என்று இரண்டு தம்பிகளும், பாலாம்பாள் என்ற தங்கையும் பிறந்தார்கள்.

கோட்டையில் கேட்ட பேண்டு

சென்னைக்கு வடக்கே மணலி என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் ஜமீன்தார் இசைப்பிரியர். ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்து வந்து ஆதரித்தார். அவருடைய மகன் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களோடு பழக்கம் உள்ளவர். அவர் தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போவார். அங்கே கம்பெனிச் சிப்பாய்களின் பேண்டு முழங்கும்.

அதுவரை அவர்கள் கேட்டது வீணையும் புல்லாங்குழலும் மிருதங்கமும் நாகசுரமும். இங்கேயோ பலர் ஒன்றாக நின்று, ஒருவர் கையசைவுக்குக் கட்டுப்பட்டு, விதவிதமான கருவிகளை ஒரே நேரத்தில் வாசித்தார்கள். மெட்டுகள் நேராகப் போயின. நம் பாட்டைப் போல வளைவும் நெளிவும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும், இது அந்நியர் சங்கீதம், நமக்கு எதற்கு என்று எழுந்து வந்திருப்பார்கள். சகோதரர்கள் அப்படிச் செய்யவில்லை. காது கொடுத்துக் கேட்டார்கள்.

தம்பி பாலுசாமிக்கு வயலின் பிடித்துப்போனது. ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் அதைக் கற்றுக்கொண்டார். பிறகு அதில் நம் ராகங்களை வாசித்துப் பார்த்தார். குரல் எப்படியெல்லாம் குழைகிறதோ அப்படியெல்லாம் வயலினும் குழைந்தது! வெள்ளைக்காரர்கள் நின்றுகொண்டு, தாடைக்கு அடியில் வைத்து வாசிப்பார்கள். நம்மவர்களோ சம்மணம் போட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலில் தாங்கி வாசிக்கிறார்கள். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைப் பார்ப்பது அரிது. அதற்கு விதை போட்டவர்களில் முதன்மையானவர் பாலுசாமிதான்.

அண்ணன் முத்துசாமி வேறொன்று செய்தார். பேண்டுக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் சின்னச் சின்னப் பாட்டுகள் எழுதினார். அவற்றுக்கு நோட்டுசுவரப் பாட்டுகள் என்று பெயர். சுமார் நாற்பது பாட்டுகள் இருக்கின்றன. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலேயே ஒரு தெய்வப் பாட்டு இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! நான் முதலில் சொன்ன மீனாட்சி பாட்டும் இவற்றில் ஒன்றுதான். அந்த மெட்டு உண்மையில் பழைய பிரெஞ்சு மெட்டு. மொசார்ட்டும் அதை எடுத்துப் பன்னிரண்டு விதமாக மாற்றிப் பியானோவுக்கு எழுதியிருக்கிறார். மொசார்ட் கையாண்ட அதே மெட்டை நம் தீட்சிதரும் கையாண்டார்!

காசியும் திருத்தணியும்

மணலியில் இருந்தபோது சிதம்பரநாத யோகி என்ற துறவி முத்துசாமியைத் தம்மோடு காசிக்கு அழைத்துப் போனார். ரயில் இல்லாத காலம். சில ஆண்டுகள் அவர் அங்கே தங்கிக் குருவுக்குப் பணிவிடை செய்தார். வேதாந்தம் படித்தார். வடநாட்டு இசையைக் கூர்ந்து கேட்டார். அந்த இசையின் நிதானமான நடை அவர் பாட்டுகளில் பின்னாளில் வந்து சேர்ந்தது. அவர் கங்கையில் இறங்கியபோது கையில் ஒரு வீணை கிடைத்தது என்றும் ஒரு கதை உண்டு.

குரு மறைந்த பின் தெற்கே திரும்பித் திருத்தணிக்குப் போனார். அங்கே முருகனை நினைத்துத் தியானத்தில் இருந்தபோது, ஒரு முதியவர் வந்து அவர் வாயில் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தாராம். அந்த இனிப்போடு பிறந்ததுதான் அவருடைய முதல் கீர்த்தனை என்பார்கள். முருகனின் குருகுகன் என்ற பெயரைத்தான் தம் பாட்டுகளில் முத்திரையாக வைத்தார்.

அதன் பிறகு அவர் ஓரிடத்தில் இருந்ததைவிட நடந்ததே அதிகம். காஞ்சிபுரம், சிதம்பரம், திருவண்ணாமலை, திருவாரூர், மதுரை என்று கோயில் கோயிலாகப் போனார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க் கோயில், தீர்த்தம், தெய்வத்தின் பெயர் எல்லாவற்றையும் பாட்டுக்குள் வைத்தார். நானூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அவர் பெயரில் கிடைக்கின்றன. நவக்கிரகங்களுக்கும் தனித்தனிப் பாட்டுகள் உண்டு.

வளையல் வேண்டாம்

தீட்சிதர் வீட்டில் செல்வம் சேரவில்லை. அரசர்களைப் புகழ்ந்து பாடினால் பொன்னும் பொருளும் கிடைக்கும் காலம் அது. அவர் அந்த வழிக்கே போகவில்லை.

திருவாரூரில் ஒருநாள் வீட்டில் சமைக்க அரிசி இல்லை. கமலம் என்ற மாணவி தன் தங்க வளையலைக் கழற்றி அடகு வைக்கப் புறப்பட்டாள். தீட்சிதர் தடுத்துவிட்டார். மாணவியின் நகையில் சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவளை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பாடினார். அன்று ஓர் அதிகாரிக்காகச் சேர்த்து வைத்த மளிகைச் சாமான்கள், அந்த அதிகாரி வராமல் போனதால், வண்டியில் தீட்சிதர் வீட்டுக்கே வந்து சேர்ந்தன என்று சொல்வார்கள்.

அவருடைய மாணவர்களைப் பாருங்கள். கமலம் நாட்டியம் ஆடும் பெண். தம்பியப்பன் கோயிலில் மத்தளம் வாசிப்பவர். பில்வவனம் நாகசுரக்காரர். இப்படிப் பல குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவரிடம் கற்றார்கள். தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களும் அவர் மாணவர்களே. இன்று மேடைகளில் ஆடும் பரதநாட்டியக் கச்சேரியை ஒழுங்குபடுத்தியவர்கள் அந்த நால்வர்தான். வடிவேலு வயலினிலும் வல்லவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார்.

வறண்ட நிலத்தில் ஒரு பாட்டு

1817-இல் தந்தை மறைந்தார். தம்பிகள் பிழைப்புத் தேடி மதுரைக்குப் போனார்கள். அங்கே சின்னசாமி இறந்துவிட்டார். பாலுசாமி எட்டயபுரம் ஜமீனில் அரண்மனை வித்வான் ஆனார். செய்தி அறிந்த முத்துசாமி தீட்சிதர், எஞ்சியிருந்த ஒரே தம்பியைப் பார்க்க எட்டயபுரம் நோக்கி நடந்தார்.

மதுரைக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும். பொய்த்தால் கண்மாய் வெடித்துக் கிடக்கும். காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர், காய்ந்து கிடந்த கரிசலைப் பார்த்தார். மக்களும் மாடுகளும் படும் பாட்டைப் பார்த்தார். அப்போது அமிர்தவர்ஷினி என்ற ராகத்தில், மழையைப் பெய்யுமாறு அம்பிகையை வேண்டிப் பாடினார். ஐந்தே சுவரங்கள் கொண்ட ராகம் அது. மழை கொட்டியது என்றும், வெள்ளம் பெருகியதும் போதும் நிறுத்து என்று சொல்லை மாற்றிப் பாடினார் என்றும் கதை சொல்கிறது.

நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு வறட்சி ஆண்டில் ஐந்தாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, அப்படியானால் நாமும் அந்தப் பாட்டைப் பாடலாமே, அப்பா வேலை தேடித் திருப்பூருக்குப் போக வேண்டாமே என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று இரவு முழுவதும் யோசித்தேன்.

மறுநாள் அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பாட்டால் மழை வந்ததா என்பது கதை. மழை வேண்டிப் பாடிய அந்தப் பாட்டு இன்றும் நம்மிடம் இருக்கிறது. அது உண்மை. தமக்கு அரிசி இல்லாதபோதும் மனிதர் யாரிடமும் கையேந்தாதவர், முன்பின் தெரியாத சம்சாரிகளின் வயலுக்காகக் கேட்டார். மழைநீரைத் தேக்கக் கண்மாயைத் தூர்வார வேண்டியது நம் வேலை. அடுத்தவர் வயல் காய்ந்தால் நம் நெஞ்சும் காய வேண்டும் என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். அந்தச் சிறுமி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஏற்றுக்கொண்டாளா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்!

காப்பாற்றிய பேரன்

எட்டயபுரத்தில் தம்பியோடு இருந்த தீட்சிதர், 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் மறைந்தார். மாணவர்கள் மீனாட்சி அம்மன் மீதான அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, அதைக் கேட்டபடியே அவர் உயிர் பிரிந்தது என்பார்கள். அப்போது அவருக்கு வயது அறுபது.

அவர் பாட்டுகள் எல்லாம் மாணவர்களின் நினைவில்தான் இருந்தன. டேப்பும் இல்லை, செல்போனும் இல்லை. ஒரு மாணவர் இறந்தால் பத்துப் பாட்டுகள் அவரோடு போய்விடும். இப்படியே போயிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

தம்பி பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரனையே மகனாகத் தத்தெடுத்து வளர்த்தார். அவர்தான் சுப்பராம தீட்சிதர். சென்னையைச் சேர்ந்த சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ இசை அறிஞர், இந்தச் செல்வம் அழிந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டார். சுப்பராம தீட்சிதர் தமக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று அவர் தூண்டினார். எட்டயபுரம் ராஜா பொருளுதவி செய்தார். வீட்டுச் சொத்தாகக் காத்து வந்த பாட்டுகளை சுப்பராம தீட்சிதர் ஊரறியச் சுவரப்படுத்தி எழுதினார். 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வந்தது சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி. தெலுங்கு எழுத்தில் வந்த பெரிய நூல் அது. தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அதில் உள்ளன. 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழில் பல பாகங்களாக வெளியிட்டது.

1906-இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது, இரங்கற்பா எழுதியவர் யார் தெரியுமா? அதே எட்டயபுரத்துப் பாரதியார்தான்!

1976-இல் இந்திய அரசு முத்துசாமி தீட்சிதருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கோட்டையில் பேண்டுக்காரர்கள் வாசித்த மெட்டு, தீட்சிதர் கையில் பாட்டாகி, இப்போது கடல் கடந்து போகிறது. அமெரிக்காவில் வாழும் நம்மவர் வீட்டுக் குழந்தைகள் மேல்நாட்டு வாத்தியங்களோடு சேர்ந்து இந்த நோட்டுசுவரப் பாட்டுகளை மேடையில் பாடுகிறார்கள்.

நம் பிள்ளைகளும் பாடலாம். பெரிய சங்கீத ஞானம் வேண்டியதில்லை. மெட்டு உங்களுக்கு எல்.கே.ஜி.யிலேயே தெரியும்! அடுத்த விடுமுறையில் எட்டயபுரம் போனால் பாரதியார் பிறந்த வீட்டைப் பாருங்கள். அப்படியே தீட்சிதர் சமாதிக்கும் போய், ஒரு நிமிடம் கைகூப்பி நின்றுவிட்டு வாருங்கள். பாட்டுத் தெரிந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடுங்கள். நம் கரிசலுக்காகப் பாடியவருக்கு நம் பங்காக அதுவாவது இருக்கட்டும்.