குழந்தைகளுக்காக வாழ்ந்த கவிஞர் அழ. வள்ளியப்பா

புதுக்கோட்டைச் சீமை என்றவுடன் அறிஞர்களின் நினைவுக்கு வருவன குடைவரைக் கோயில்களும் ஓவியங்களுமே ஆகும். நம் கீரனூருக்கு அண்மையிலுள்ள நார்த்தாமலையையும், அதற்கப்பால் உள்ள சித்தன்னவாசலையும் நாடி ஆய்வாளர் பலர் வருகின்றனர். இம்மண்ணுக்கு மற்றுமொரு பெருமையும் உண்டு. தமிழ்க் குழந்தைகளுக்கான புத்தகங்களும் இதழ்களும் தழைத்த நிலம் இது. 1940களிலும் 1950களிலும் சிறுவர் இதழ்கள் பல புதுக்கோட்டையிலிருந்து வெளிவந்தன. அவற்றை அஞ்சலில் எதிர்பார்த்துக் காத்திருந்த தலைமுறையினர் இன்று நம் சமுதாயத்தின் பெரியவர்களாக விளங்குகின்றனர். சிறு வயதில் தாம் விரும்பிப் படித்தவை எவை என்று அவர்களைக் கேட்டால், பலரும் தவறாது குறிப்பிடும் பெயர் ஒன்று உண்டு. அப்பெயருக்குரியவரே குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

பிறப்பும் இளமையும்

வள்ளியப்பா 1922ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த இராயவரத்தில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அழகப்பச் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. தொடக்கக் கல்வியை இராயவரத்துக் காந்தி பள்ளியிலும், உயர்நிலைக் கல்வியை அருகிலுள்ள இராமச்சந்திரபுரத்திலும் பெற்றார். நண்பர்களோடு கூடிப் பாட்டுக் கட்டிப் பாடும் வழக்கம் பள்ளிப் பருவத்திலேயே அவருக்கு அமைந்துவிட்டது. கல்லூரியில் சேர்ந்து பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும் பிற்காலத்தில் பல்கலைக்கழக அவையில் அமர்ந்து தமிழுக்காக வாதிடும் தகுதியை அவர் தம் உழைப்பினாலேயே பெற்றார் என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

சென்னையும் சக்தி காரியாலயமும்

1940ஆம் ஆண்டு பதினெட்டு வயதை எட்டும் பருவத்தில் அவர் சென்னைக்குச் சென்றார். அதே இராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன் அப்போது அங்கே ‘சக்தி’ இதழையும் பதிப்பகத்தையும் நடத்தி வந்தார். நல்ல நூல்களைக் குறைந்த விலையில் மக்களிடம் சேர்க்க வேண்டும் என்று பாடுபட்ட பதிப்பாளர் அவர். அவருடைய அலுவலகத்தில் வள்ளியப்பாவுக்குக் காசாளர் பணி கிடைத்தது. அங்கு ஆசிரியப் பொறுப்பிலிருந்த தி.ஜ.ர. எனப்படும் தி. ஜ. ரங்கநாதன், கணக்கெழுதிக்கொண்டிருந்த அவ்விளைஞரின் உள்ளத்தில் எழுத்தார்வம் இருப்பதைக் கண்டுகொண்டு அவரை எழுதத் தூண்டினார். ஊக்குவிக்கும் மூத்தவர் ஒருவர் உரிய நேரத்தில் வாய்த்தால் ஓர் இளைஞரின் வாழ்வு எவ்வாறு திசை திரும்பும் என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல சான்றாகும்.

1941இல் அவர் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982இல் ஓய்வு பெறும்வரை வங்கிப் பணியே அவருக்குச் சோறிட்டது. பகலெல்லாம் பேரேட்டிலும் பற்றுவரவிலும் கழிந்தது. எஞ்சிய பொழுதெல்லாம் குழந்தைகளுக்குரியதாயிற்று. இந்த இரட்டை வாழ்வை அவர் நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சலிப்பின்றி நடத்தினார்.

மலரும் உள்ளம்

தமிழில் குழந்தைகளுக்குப் பாடுவது வள்ளியப்பாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பாரதியார் பாப்பாவுக்குப் பாடினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் கிளியையும் எளிய சொல்லிலே பாடித் தந்தார். ஆனால் அப்பெருமக்களுக்குக் குழந்தைப் பாட்டு தம் படைப்பின் ஒரு பகுதியாக இருந்தது. வள்ளியப்பாவோ அதனையே தம் முழுத் துறையாகக் கொண்டார். 1944இல் 23 பாடல்களுடன் அவருடைய முதல் தொகுப்பாகிய ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது. சின்னஞ்சிறு நூலாகத் தொடங்கிய அது, பின்னர் இரு தொகுதிகளாக விரிவடைந்து பல பதிப்புகளைக் கண்டது. ‘சிரிக்கும் பூக்கள்’, ‘ஈசாப் கதைப் பாடல்கள்’, ‘பாட்டிலே காந்தி கதை’, ‘நீலா மாலா’ முதலியன அவருடைய பிற நூல்களுள் சில. நேஷனல் புக் டிரஸ்டுக்காக அவர் எழுதிய ‘நம் நதிகள்’ பிற இந்திய மொழிகளிலும் வெளிவந்தது.

அவர் பாட்டு குழந்தைகளின் நாவில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் யாது? எதுகையும் மோனையும் இயைபும் அவர் பாடல்களில் செறிந்துள்ளன. ஆயினும் அவை இலக்கணத்துக்காக வந்தவை அல்ல. அடுத்த அடி இன்னதாகத்தான் இருக்கும் என்று குழந்தையே ஊகித்து மகிழும்படி அவை அமைந்துள்ளன. எட்டு லட்டுகளைப் பற்றிய பாடலை எடுத்துக்கொள்வோம். அதில் வல்லினம் இரட்டித்து வரும் ஓசை கை கொட்டுவது போல ஒலிக்கிறது. பாதி என்னும் கணக்கையும் குழந்தை அறியாமலே கற்றுக்கொள்கிறது. மாம்பழப் பாடலிலோ நாவில் நீர் ஊறுகிறது. அறிவுரை கூற வேண்டிய இடத்திலும் அவர் விரலை உயர்த்தி மிரட்டுவதில்லை. நகைச்சுவையிலே பொதிந்து தருகிறார். காலையில் மதரஸாவில் ஓதிவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பிள்ளைக்கும், கோயில் தெருவிலிருந்து வந்த பிள்ளைக்கும், மாதா கோயில் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கும் அப்பாடல்கள் பொதுச் சொத்தாயின. சாதி சமயம் கடந்து ஒரே பாட்டை ஒரே வகுப்பில் சேர்ந்து பாடிய குழந்தைகளின் ஒற்றுமைக்கு அவருடைய பாடல்கள் துணை நின்றன எனலாம்.

இயக்கம் கண்டவர்

தாம் எழுதினால் போதும் என்று அவர் ஒதுங்கி இருக்கவில்லை. குழந்தைகளுக்கு எழுதுவோரைப் பெரிய எழுத்தாளர்கள் ஒரு படி கீழாக வைத்து நோக்கிய காலம் அது. அந்நிலையை மாற்றும் பொருட்டு 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற அவர் முன்னின்றார். மாநாடுகளும் புத்தகக் கண்காட்சிகளும் நடத்திய அச்சங்கத்தின் வாயிலாகப் புதிய எழுத்தாளர் பலர் ஊக்கம் பெற்றனர். ‘பூஞ்சோலை’ உள்ளிட்ட சிறுவர் இதழ்களுக்கு ஆசிரியராக இருந்த அவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் ‘கோகுலம்’ இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்று நடத்தினார். குழந்தைகள் எழுதி அனுப்பியவற்றை அச்சிலேற்றி, வாசகராக இருந்தவர்களையே எழுத்தாளராக்கினார்.

இறுதி வாதம்

அவர் மறைவு தமிழ்த்துறையினராகிய நாம் அனைவரும் நின்று எண்ணத்தக்கது. 1989 மார்ச் 16ஆம் நாள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்திப் பேசியபோது அவர் மயங்கி விழுந்தார். அன்றே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 66. சங்க இலக்கியத்துக்கும் காப்பியத்துக்கும் இடமளித்த தமிழ்த்துறைகள், அவற்றைப் பயிலப்போகும் மாணவன் தமிழை முதன்முதலில் விரும்பக் கற்ற இடத்துக்கு ஏன் இடமளிக்கவில்லை என்பதே அவர் எழுப்பிய வினாவின் உட்பொருள். அதன் பின்னர் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சிறுவர் இலக்கியம் பாடமாகியுள்ளது, ஆய்வேடுகளும் வந்துள்ளன. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் என்னும் விருதை ஆண்டுதோறும் வழங்கி வருகிறது. 2019இல் தமிழுக்கான அவ்விருதைப் பெற்ற தேவி நாச்சியப்பன், வள்ளியப்பாவின் மகளார் என்பது மகிழ்ச்சிக்குரியது.

இன்றைய வாசிப்பும் நம் கடமையும்

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 1947இல் தொடங்கிப் பல தலைமுறைகளை மகிழ்வித்த ‘அம்புலிமாமா’ நின்றுவிட்டது. ‘கோகுலம்’ இதழும் இன்று அச்சில் வருவதில்லை. குழந்தையின் கையில் கைப்பேசி இருக்கிறது. குழந்தைகள் படிப்பதே இல்லை என்று கூறிப் பெருமூச்சு விடுதல் எளிது. ஆனால் படிக்கத் தக்கதை அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித்துறை 2022இல் தொடங்கிய ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும், அதனையடுத்து வாசிப்பு இயக்கத்தின் வாயிலாக வெளியிட்ட சிறு நூல்களும் அரசுப் பள்ளி மாணவர்க்கு இன்று கிடைக்கின்றன. தனியார் பதிப்பகங்களும் வண்ணப் படங்களுடன் அழகிய நூல்களை வெளியிடுகின்றன. இவை பெட்டிக்குள் உறங்காமல் பிள்ளையின் கையில் சேரவேண்டுமாயின் இடையில் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். சக்தி காரியாலயத்தில் தி.ஜ.ர. செய்ததும், சங்கத்தின் வாயிலாக வள்ளியப்பா செய்ததும் அந்த இடைநின்ற பணியே ஆகும்.

நம் மாணவர்களில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறவர்கள். கீரனூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று வாரம் ஒரு மணி நேரம் கதை படித்துக் காட்டுவது அவர்களுக்கு அரிய செயலன்று. பெரியோர்கள் தம் பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாளிலும் பண்டிகையிலும் புத்தாடையோடு ஒரு புத்தகத்தையும் சேர்த்து வழங்கலாம். துறையினராகிய நாமும் சிறுவர் இலக்கியத்தை முனைவர் பட்ட ஆய்வுக்குரிய தலைப்பு என்ற அளவில் நிறுத்திவிடாமல், இளங்கலை மாணவர் விரும்பிப் பயிலும் பாடமாக்க முயலவேண்டும். நம் மாவட்டத்து மண்ணில் பிறந்து, கல்லூரி காணாமலே கல்வியாளர் அவையில் குழந்தைகளின் பொருட்டு வாதாடி உயிர் நீத்த அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் இதுவே.