தூய ஈஸ்ட் கண்ட எமில் ஹான்சன்

மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. பீர் என்னும் பானத்தைக் கெடுத்த கேட்டினை ஆராயப் புகுந்து, நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கே புதுவழி காட்டிய ஓர் ஏழைத் தொழிலாளியின் வரலாற்றைச் சங்க அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

டென்மார்க் நாட்டின் ரீபே என்னும் பழைய ஊரில், 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் பிறந்தார். குடும்பமோ வறுமையில் உழன்றது. இளமையில் வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தார். எனினும் கல்வி வேட்கை தணியவில்லை. பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தாமும் பயின்றார். பல்கலைக்கழகம் புகுவதற்குரிய தேர்வில் 1871இல் தேறியபோது அவருக்கு வயது 29. ஐந்தே ஆண்டுகளில், சாணத்தில் வளரும் காளான்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பொற்பதக்கத்தைப் பெற்றார்.

அந்நகரில் யாக்கப்சன் என்னும் பீர் ஆலை அதிபர், 1875இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தை நிறுவியிருந்தார். 1879இல் அதன் உடலியங்கியல் துறைக்கு ஹான்சன் தலைவரானார்.

முளைவிட்ட வாற்கோதுமையின் இனிய சாற்றைப் பீராக மாற்றுவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். ரொட்டி மாவை உப்பச் செய்வதும் அதன் இனமே. பீர் கெடுவதற்குப் பாக்டீரியாக்கள் காரணமாதலைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் 1876இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருந்தார். ஆயினும் 1883இல் யாக்கப்சனின் ஆலையிலேயே பீர் கெட்டுச் சுவை குன்றியது. ஹான்சன் நுண்ணோக்கியின்முன் அமர்ந்தார். குற்றம் பாக்டீரியாவுடையது மட்டுமன்று. ஆலையின் ஈஸ்ட்டே பல இனங்களின் கலவை என்றும், அதனுட் புகுந்த காட்டினங்களே கேடு விளைத்தன என்றும் கண்டார்.

நெல்லினின்று களையைப் பிரிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத உயிரைப் பிரிப்பது எங்ஙனம்? ஈஸ்ட்டைத் தூய நீரிற் கலந்து, மேன்மேலும் நீர் சேர்த்து, ஒரு துளியில் ஓர் உயிரணுவுக்கு மேல் இராதபடி செய்தார். அவ்வோர் அணுவைச் சாற்றிலிட்டு வளர்த்தார். அதன் வழித்தோன்றல்கள் யாவும் ஒரே இனம்! அவ்வாண்டு நவம்பரில் அத்தூய ஈஸ்ட் ஆலையின் தொட்டிகளில் இடப்பட்டது. கேடு நீங்கியது.

இச்செல்வத்தைப் பூட்டி வைத்திருப்பின் யாக்கப்சன் பெரும்பொருள் குவித்திருக்கலாம். ஆனால், ஆய்வுக்கூடத்தில் விளையும் பயனுள்ள முடிவு எதனையும் மறைக்கலாகாது என்பது அவர் வகுத்த விதி. அதன்படி, போட்டி ஆலைகளுக்கும் தூய ஈஸ்ட் வழங்கப்பட்டது; முறையும் உலகறிய வெளியிடப்பட்டது. 1908இல் அவ்வினத்திற்குப் பெயரிட்ட ஹான்சன், தம் பெயரைச் சூட்டாது கார்ல்ஸ்பர்க்கின் பெயரையே சூட்டினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் காலமானார்.

பள்ளியிறுதி வகுப்போடு நின்று, பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தோர் நம்முட் பலர். இனிப் படித்து என் செய்வது என்ற எண்ணம் நமக்கும் எழுந்ததுண்டு. வண்ணத் தூரிகையைப் பிடித்த கை, பின்னாளில் நுண்ணோக்கியைப் பிடித்த வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றிற்று. சங்கத்தின் நூல்நிலையம் மாலைதோறும் திறந்தேயிருக்கின்றது, அன்பர்கள் வருக!