புனித அருளானந்தரும் அவரைத் தடுத்த தாயாரும்



உங்கள் குடும்பத்திலோ அயலிலோ அருளானந்தம் என்ற பெயருடைய ஒருவர் இருக்கக்கூடும். அப்பெயர் நமக்கு வந்த வழியை நீங்கள் அறிவீர்கள். ஓரியூர் மணல்மேட்டில் இரத்தம் சிந்திய வேதசாட்சி புனித அருளானந்தரின் பெயர் அது. ஆனால் அவர் தமிழ்நாட்டுக்கு வராதபடி தடுக்க ஒருவர் தம்மால் இயன்றமட்டும் போராடினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் அரசரும் அல்லர், திருமறையின் பகைவரும் அல்லர். அவர் புனிதரைப் பெற்ற தாய்.

போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி ஜோன் டி பிரிட்டோ பிறந்தார். பெரிய குடும்பம், அரண்மனையில் செல்வாக்குள்ள குடும்பம். தந்தையார் சல்வதோர் டி பிரிட்டோ பெரெய்ரா கடல் கடந்து பிறேசிலுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார், அங்கேயே இறந்துபோனார். அப்போது ஜோன் சிறு குழந்தை. கைம்பெண்ணான தாயார் பெயாத்திரிஸ் பெரெய்ரா பிள்ளைகளைத் தனியே வளர்த்தெடுத்தார். கடல் கணவனைக் கொண்டுபோய்த் திருப்பித் தராத கதையை அந்த வீடு மறந்திருக்க முடியாது.

கடைசிப் பிள்ளையான ஜோன் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்தார். பதினொரு வயதளவில் கடும் நோயுற்றார். வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், தாயார் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் நேர்த்தி வைத்தார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக்கு யேசு சபைத் துறவியரின் அங்கியை அவனுக்கு அணிவிப்பதாக வாக்களித்தார். பிள்ளை பிழைத்தது. அரண்மனைச் சிறுவர்களின் பட்டாடைகளுக்கு நடுவே ஜோன் கறுப்பு அங்கியுடன் ஓராண்டு நடமாடினார்.

ஆண்டு முடிந்தது; அங்கி கழற்றப்பட்டது. ஆனால் சவேரியார்மீது கொண்ட ஆசை பிள்ளையின் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. 1662ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி, பதினைந்து வயதில், அவர் யேசு சபையிற் சேர்ந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1673இல், குருப்பட்டம் பெற்று இந்தியாவுக்குப் போக ஆயத்தமானார்.

இங்கேதான் தாயாரின் மனம் உடைந்தது. மகன் துறவியாவதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். கண்ணுக்கெட்டாத இந்தியாவோ வேறு காரியம். அந்நாளில் ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோவாவுக்குப் போக ஏறக்குறைய ஆறு மாதம் செல்லும். நோயாலும் புயலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். போய்ச் சேர்ந்தவர்களிலும் வீடு திரும்பியவர் சிலரே. சொந்த நாட்டிலேயே கற்பிக்கவும் போதிக்கவும் மகனுக்கு இடமிருந்தது. ஆகவே தாயார் மகனிடம் மன்றாடினார். செல்வாக்குள்ளோரின் உதவியை நாடினார். பாப்பரசரின் தூதுவரிடமும் முறையிட்டார். ஜோன் மனம் மாறவில்லை. தாயாரை மதித்தார், ஆனால் அழைத்தவரை மறுக்க அவரால் முடியவில்லை. அந்த மார்ச் மாதமே கப்பல் புறப்பட்டது.

வாசகரே, இதிலுள்ள முரணைக் கவனித்தீர்களா? பிள்ளையைத் தாரும் என்று சவேரியாரிடம் கேட்டுப் பெற்ற தாய் இவர். அந்தச் சவேரியாரின் வழியிலேயே பிள்ளை புறப்பட்டபோது கையை விரித்து மறித்தவரும் இவரே.

செப்டம்பரில் கோவாவை அடைந்த ஜோன், அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்தார். தமிழைக் கற்றார். பண்டாரசுவாமிகளின் காவியுடை தரித்து, புலாலையும் மதுவையும் நீக்கி, வெறுந்தரையில் உறங்கி, ஊரூராக நடந்தார். மக்கள் அவரை அருளானந்தசுவாமி என்று அழைத்தனர். தாயார் அஞ்சியதும் நடந்தது. 1686இல் மறவ நாட்டில் உபதேசிமாரோடு பிடிபட்டு, அடியுண்டு, நீரில் அமிழ்த்தப்பட்டு, மரண தண்டனைக்கும் தீர்ப்பிடப்பட்டார். ஆயினும் சேதுபதி அவரை விடுதலை செய்து, அந்நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்று கட்டளையிட்டார்.

1687இல் மிஷன் காரியமாக அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் தாயார் மகனைக் கண்டார். அன்றைய இளவரசர் இப்போது இரண்டாம் பேதுரு மன்னர். பழைய தோழனைப் பிரிய மனமில்லாத மன்னர், தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி கேட்டார். மகன் வீட்டருகே தங்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன? ஆனால் 1690இல் அவர் மறுபடியும் கப்பலேறினார். இம்முறை எங்கே போகிறார், அங்கே என்ன காத்திருக்கிறது என்பது மறைவாயிருக்கவில்லை. அன்று அந்தத் தாயின் உள்ளம் பட்ட பாட்டைப் பிள்ளைகளைப் பெற்ற நீங்களே எண்ணிப்பாருங்கள்.

மறவ நாட்டில் தடியத்தேவர் என்னும் பிரபு ஞானஸ்நானம் பெற விரும்பி, ஒரு மனைவியை மாத்திரம் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அவள் முறையிட்டதால், 1693 ஜனவரியில் அருளானந்தர் மீண்டும் பிடிக்கப்பட்டார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, பெப்ரவரி 4ஆம் திகதி, விபூதிப் புதனன்று, தலை வெட்டுண்டு மாண்டார். நாற்பத்தாறு வயதுகூட நிறையவில்லை.

செய்தி லிஸ்பனை எட்டியபோது, மன்னர் நன்றி வழிபாட்டுக்குத் தாயாரை அழைத்தார். அவர் துக்க உடையில் வரவில்லை. விழாக்கால உடையணிந்து வந்தார். ஒருகாலம் தூதுவரின் வாசலில் முறையிட்டு நின்ற அதே தாய் அவர்.

தொடக்கத்தில் தடுத்ததற்காக நாம் அவரைக் குறைகூறலாமா? வேண்டாம். பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் தேவதாயும் கலங்கித் தேடினார். பிள்ளையின் ஆபத்தைக் கண்டு அஞ்சாத பெற்றோர் உண்டோ? அச்சம் அன்பின் மறுபக்கம். பிள்ளை ஆபத்தான இடத்துக்குப் போகக் கேட்கும் எல்லாப் பயணமும் தேவ அழைத்தலும் அல்ல. ஆசைக்காகவும் அவசரத்துக்காகவும் புறப்படும் பிள்ளையை மறிப்பது பெற்றோரின் கடமை.

ஆனால் விசாரியுங்கள். இந்த விருப்பம் நேற்று வந்ததா, ஆண்டுகளாய் வேரூன்றியதா? தன் நலத்துக்காகப் போகிறானா, பிறருக்காகவா? மூத்தோரின் சொற்கேட்டுப் போகிறானா? அருளானந்தர் பத்து ஆண்டுகள் படித்து, காத்திருந்து, மேலாளரின் உத்தரவோடு போனார்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். உங்களை மறிக்கும் தாயைப் பகைவராய் எண்ணாதீர்கள். போகத்தான் வேண்டுமெனில், அவர் கண்ணீரின் விலையை அறிந்து போங்கள்.

9ஆம் பத்திநாதர் 1853இல் அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டமும், 12ஆம் பத்திநாதர் 1947இல் புனிதர் பட்டமும் அளித்தனர். பெப்ரவரி 4ஆம் திகதி அவர் திருநாள். அன்று அவரிடம் வேண்டும்போது, தூர தேசத்திலுள்ள பிள்ளைகளுக்காகவும், இங்கே தூக்கமின்றி விழித்திருக்கும் தாய்மாருக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்வோம். தாயின் பயத்தையும் மகனின் தாகத்தையும் ஒருங்கே அறிந்த புனிதர் அவர்.