சேலம் நகராட்சி சேர்மன் ராஜாஜி: தண்ணீர் திறந்துவிட்டவர் யார் என்பது ஏன் பிரச்சினையானது?

கவர்னர் ஜெனரல், முதலமைச்சர், பாரத ரத்னா, 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதியவர், குலக்கல்வி சர்ச்சை... ராஜாஜி என்றதும் நமக்கு ஞாபகம் வரும் லிஸ்ட் இதுதான். ஆனால் அவர் தேர்தல் மூலம் உட்கார்ந்த முதல் நாற்காலி டெல்லியிலும் இல்லை, சென்னைக் கோட்டையிலும் இல்லை. அது சேலம் நகராட்சியில் இருந்தது. 1911-ல் கவுன்சிலர், 1917 முதல் 1919 வரை சேர்மன்.

வெறும் இரண்டு வருஷம்தான். வீட்டு வரி, சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று பெரிய தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பாராவைக்கூடத் தாண்டாத வேலைகள். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அவர் எடுத்த சில முடிவுகள், ஒரு ஊரின் சாதி ஒழுங்கை நேரடியாகத் தொட்டன. அது என்ன கதை?

யார் இந்த வக்கீல்?

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10-ல் தொரப்பள்ளியில் பிறந்தார். ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கிராமம் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். அப்போது சேலம் மாவட்டம். அப்பா வெங்கடார்யர் அந்த ஊரின் முன்சீப். நில வரி வசூல், கிராமக் கணக்கு, சின்னச் சின்ன வழக்கு எல்லாம் முன்சீப் கையில். ஆக, அரசாங்கம் என்பது ஊர் மட்டத்தில் எப்படி நடக்கும் என்பது ராஜாஜிக்கு வீட்டிலேயே தெரிந்த விஷயம்.

ஓசூர், பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், அப்புறம் சென்னையில் சட்டப் படிப்பு. 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் ஆரம்பித்தார். கிரிமினல் வழக்குகளில் சீக்கிரமே பெயர் வாங்கினார். நல்ல வருமானம்.

அப்போதைய சேலம் அரசியல் விழிப்பு உள்ள ஊர். சேலம் சி.விஜயராகவாச்சாரியார் 1882-லேயே அந்த நகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். அதே ஆண்டு சேலத்தில் நடந்த கலவர வழக்கில் சிக்கி, சட்டப் போராட்டம் நடத்தி மீண்டவர். 1920-ல் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். 1917-ல் தேசத்துரோக வழக்கில் சிக்கிய சேலம் டாக்டர் பி.வரதராஜுலு நாயுடுவுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் ராஜாஜி.

சொந்த வாழ்க்கையில் அது கஷ்டமான காலம். மனைவி அலமேலு மங்கம்மாள் 1916-ல் இறந்துபோனார். ஐந்து குழந்தைகள். அதற்கு அடுத்த வருஷம்தான் சேர்மன் பதவி வருகிறது.

1917-ல் சேர்மன் வேலை என்றால் என்ன?

சேலம் நகராட்சி ஆரம்பமானது 1866-ல். ராஜாஜி சேர்மன் ஆனபோது நடைமுறையில் இருந்தது 1884-ம் வருஷத்து சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம். அந்தச் சட்டத்தைப் புரிந்துகொண்டால் அவருடைய வேலையும் புரியும்.

முதலில், ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டுகிறவர்கள், சொத்து உள்ளவர்கள் என்று ஒரு சின்ன வட்டம்தான் ஓட்டுப் போட முடியும். அதனால் கவுன்சிலில் வக்கீல்கள், வியாபாரிகள், நிலக்காரர்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள்.

இரண்டாவது, இன்றைக்கு இருப்பது மாதிரி அரசு நியமிக்கும் கமிஷனர் அப்போது கிடையாது. அந்தப் பதவி 1930-களில்தான் வந்தது. ஆக சேர்மன்தான் தலைவர், அவரேதான் நிர்வாக அதிகாரி. ஊழியர் நியமனம், பில் பாஸ் பண்ணுவது, ஓவர்சியர் வேலையைச் சரிபார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டு வரி அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று யாராவது முறையிட்டால், அதுவும் அவர் மேசைக்குத்தான் வரும்.

மூன்றாவது, காசு. வீட்டு வரி, தொழில் வரி, வண்டி மாட்டுக்கு வரி, ஊர் எல்லையில் சுங்கம், மார்க்கெட் குத்தகை, தண்ணீர் வரி. இதற்குள்தான் ரோடு, விளக்கு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, துப்புரவு எல்லாம். பட்ஜெட்டுக்கு மேலே அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். கவுன்சில் தீர்மானம் பிடிக்கவில்லை என்றால் கலெக்டர் நிறுத்தி வைக்கலாம்.

அதாவது சேர்மனுக்குப் பெரிய கனவுகளுக்கு இடமில்லை. ஆனால் ஒரு விஷயம் அவர் கையில் இருந்தது: எந்த வேலைக்கு யாரைப் போடுவது என்பது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கணும். 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய இன்ஃப்ளூயன்ஸா சென்னை மாகாணத்தையும் விடவில்லை. முதல் உலகப் போர் காரணமாக விலைவாசியும் ஏறிக்கிடந்தது. நகராட்சி என்பது சுகாதாரத் துறையும் சேர்ந்த ஒரு அமைப்பு. அப்படிப்பட்ட காலத்தில்தான் ராஜாஜி சேர்மனாக இருந்தார்.

தண்ணீரைத் திறந்துவிடுவது யார்?

குடிதண்ணீர் எப்போதும் சேலத்துக்குப் பெரிய பிரச்சினை. மேட்டூர் அணை கட்டி முடிந்ததே 1934-ல்தான். அதற்கு முன்னால் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது பனமரத்துப்பட்டி ஏரி. இன்றைக்கும் அந்த ஏரி சேலம் மாநகராட்சியின் சொத்து.

கிணற்றுக் காலத்தில் சாதி வேலி கட்டுவது சுலபமாக இருந்தது. இந்தக் கிணறு உங்களுக்கு, அந்தக் கிணறு அவர்களுக்கு என்று பிரித்துவிடலாம். ஆனால் பைப் வந்ததும் கணக்கு மாறிவிட்டது. ஒரே ஏரி, ஒரே குழாய், ஒரே வால்வு. அதைத் திறந்து மூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நகராட்சி ஊழியர்.

ராஜாஜியின் சேர்மன் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லப்படும் சம்பவம் இங்கேதான் வருகிறது. அக்ரஹாரப் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்கு அவர் ஒரு தலித் ஊழியரைப் போட்டார். அன்றைய அரசுப் பதிவுகளின் மொழியில், ஒரு 'பஞ்சமர்'. அக்ரஹாரத்திலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜியே பிராமணர் என்பதால் கோபம் இன்னும் அதிகம். அவர் முடிவை மாற்றவில்லை.

இதை இன்றைக்குப் படிக்கும்போது, ஒரு வால்வுதானே, அதில் என்ன இருக்கு என்று தோணலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊரைச் சுத்தம் செய்கிற வேலை முழுக்கத் தலித் மக்கள் தலையில். கழிவை அள்ளணும், தெருவைப் பெருக்கணும். அவர்கள் இல்லாவிட்டால் ஊர் நாறிவிடும். அதற்காக அவர்கள் எந்தத் தெருவுக்குள் வந்தாலும் யாருக்கும் பிரச்சினை இல்லை. அதே ஆள் குடிதண்ணீரைத் தொட்டால் மட்டும் தீட்டு. இந்த முரண்பாட்டை மேடையில் பேசாமல், ஒரு வேலை உத்தரவாகவே போட்டார் சேர்மன். எதிர்ப்பவர்கள் தண்ணீரே வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

கவுன்சிலில் ஒரு புதிய உறுப்பினர்

சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்ததும் ராஜாஜியின் காலத்தில்தான். அதற்கு முயற்சி எடுத்தவர் அவரே.

வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓட்டு என்ற அமைப்பில், ஒரு தலித் உறுப்பினர் தானாக ஜெயித்து வருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். மற்றவர்கள் ஆதரவு கொடுத்தால்தான் உண்டு. அப்படி ஒருவர் உள்ளே வந்ததும், அவருக்கும் மற்றவர்களுக்குச் சமமான நாற்காலி, சமமான ஓட்டு. தெருவிளக்கு எந்தத் தெருவுக்கு முதலில் போகணும், குழாய் எங்கே போடணும் என்பதில் அவரும் பேசலாம். தண்ணீரைத் திறக்கிற வேலையில் ஒருவர், அந்தத் தண்ணீர் எங்கே போகணும் என்று முடிவு செய்கிற இடத்தில் ஒருவர். இரண்டும் சேர்ந்தால்தான் அர்த்தம்.

ஒரு எல்லையையும் சொல்லியாகணும். இது மேலிருந்து ஒரு நல்ல சேர்மன் கொடுத்த வாய்ப்பு. சட்டம் கொடுத்த உரிமை இல்லை. சேர்மன் மாறினால் நிலைமையும் மாறலாம். அந்த உரிமை சட்டமாக வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆகின.

பக்கத்து ஊர் சேர்மன்

ஒரு சுவாரசியமான விஷயம். ராஜாஜி சேலத்தில் சேர்மனாக இருந்த அதே காலகட்டத்தில், கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் தள்ளி ஈரோடு நகராட்சிக்கும் ஒரு சேர்மன் இருந்தார். பெயர் ஈ.வெ.ராமசாமி. ஆமாம், பெரியார்தான். ஈரோட்டுக்குக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்ததும், நெரிசலான தெருக்களை அகலப்படுத்தியதும் அவருடைய சேர்மன் காலத்துச் சாதனைகளாகச் சொல்லப்படுகின்றன.

இருவரும் நண்பர்கள் ஆனார்கள். பெரியார் 1919-ல் பதவிகளை விட்டுவிட்டு காங்கிரஸில் சேர்ந்ததில் ராஜாஜிக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அரசியலில் எதிரெதிர் துருவங்கள். ஆனால் 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண் கலங்கி நின்றார்.

சேலத்திலிருந்து புதுப்பாளையம் வரை

1919-ல் ராஜாஜி சென்னைக்குக் குடிபோனார். அந்த மார்ச் மாதம் ரௌலட் சட்ட எதிர்ப்புக்காக வந்த காந்தி தங்கியது அவர் வீட்டில்தான். அதோடு வக்கீல் தொழிலை விட்டார், சிறைக்குப் போனார்.

ஆனால் மறுபடியும் இந்தச் சமவெளிக்கே திரும்பி வந்தார். 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். நிலம் கொடுத்தவர் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். இப்போது அது நாமக்கல் மாவட்டம். கதர் நூற்பு, வைத்தியம், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரச்சாரம் எல்லாம் அங்கே நடந்தன. எழுத்தாளர் கல்கி மதுவிலக்குப் பத்திரிகையான 'விமோசன'த்தில் வேலை செய்ததும் இந்த ஆசிரமத்தில்தான்.

வரி போட்டுக் கணக்கைச் சரிசெய்தவர்

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். இன்றைய முதலமைச்சர் மாதிரி. அந்த ஆண்டு அக்டோபர் 1-ல் மதுவிலக்கு அமலுக்கு வந்த முதல் மாவட்டம் எது தெரியுமா? சேலம்.

கள்ளுக்கடை மூடினால் அரசுக்கு வருமானம் போகும். அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அப்படி ஒரு பொது விற்பனை வரியைப் போட்ட முதல் மாகாணம் சென்னை. இன்றைக்கு நம் ஹோட்டல் பில்லில் இருக்கும் ஜிஎஸ்டிக்கு இது ஒரு வகையில் மூத்த உறவு. ஒரு வருமானத்தை மூடினால் இன்னொன்றைத் திறந்தாகணும் என்பது எந்த நகராட்சி சேர்மனுக்கும் தெரிந்த பாடம்.

மறுபக்கம்

இந்தக் கதையை மட்டும் வைத்து ராஜாஜியை முழுசாக எடைபோட முடியாது. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார், மாகாணம் கொதித்தது. 1952-ல் மறுபடி முதலமைச்சர் ஆகி, 1953-ல் கிராமப்புறக் குழந்தைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அப்பன் தொழிலையே பிள்ளை செய்யணுமா என்ற கேள்வி எழுந்தது. 'குலக்கல்வி' என்ற பெயர் நிலைத்தது. 1954-ல் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

சேலத்தில் ஒரு தலித் ஊழியரின் கையில் வால்வைக் கொடுத்தவரும் இவர்தான். சாதிக்கும் தொழிலுக்கும் உள்ள முடிச்சை இறுக்கும் திட்டம் என்று குற்றம்சாட்டப்பட்டவரும் இவர்தான். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

சேலம் 1994-ல் மாநகராட்சி ஆனது. நாமக்கல்லும் 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் வந்த பிறகு, பட்டியல் சாதியினருக்கு வார்டு, தலைவர் பதவி இரண்டிலும் இட ஒதுக்கீடு உண்டு. ஒரு சேர்மனின் நல்ல மனசை நம்பி இருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் சட்டம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடவில்லை. தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது என்பதற்காக மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 1996-லிருந்து 2006 வரை முறையான தேர்தலே நடக்கவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. நூறு வருஷம் தாண்டியும் தண்ணீர் வெறும் தண்ணீராக இல்லை.

எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலுக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதிகூட நாம் வார்டு தேர்தலுக்குக் காட்டுவதில்லை. 2011-க்குப் பிறகு தமிழ்நாட்டில் நகர்ப்புறத் தேர்தல் நடந்ததே 2022-ல்தான். நடுவில் பல வருஷம் கவுன்சிலரே இல்லாமல் ஓடியது. அப்போது நம் தெருவுக்கு யார் பொறுப்பு என்று எத்தனை பேர் கேட்டோம்?

அடுத்த முறை வார்டு கவுன்சிலர் ஓட்டு கேட்டு வந்தால், ரோடு போடுவீங்களா என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். நம்ம ஊரில் குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் தெரு எது? சாக்கடைக்குள் இறங்குகிறவர் யார்? இந்த இரண்டுக்கும் வரும் பதிலே அந்த நகராட்சி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடும்.